ஃபிஷ் ஃபைண்டர் மக்கர் பண்ணுதா? புதுசு வாங்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்; பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

திருவண்ணாமலையில இருந்து பேசறேன். கிரிவலப் பாதையில நடந்துகிட்டே கேக்கறவங்க நிறைய பேர் இருக்கீங்க. பதினாலு கிலோமீட்டர்ல இந்த எபிசோடு எப்படியும் முடிஞ்சிடும், கவலைப்படாதீங்க.

இன்னைக்கு டாபிக்கைப் பாத்ததும் சிரிச்சிருப்பீங்க. கடலே இல்லாத ஊர்ல உக்காந்துகிட்டு படகுல இருக்கிற ஃபிஷ் ஃபைண்டரைப் பத்திப் பேசறானேன்னு. நியாயம்தான். ஆனா நம்ம மாவட்டத்துலயே சாத்தனூர் அணை இருக்கு. இதே மெஷினுக்கு அங்கயும் ஒரு வேலை இருக்கு. கடைசியில அதுக்கு வரேன். முதல்ல கடலுக்குப் போவோம்.

எதுக்கு இது முக்கியம்?

காசிமேட்டுல இருந்தோ தூத்துக்குடியில இருந்தோ ஒரு படகு கிளம்புதுன்னு வைங்க. டீசல் போட்டாச்சு, ஐஸ் ஏத்தியாச்சு, ஆளுங்க ஏறியாச்சு. மீன் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் இந்தச் செலவு செலவுதான். அந்தச் செலவை வீணாக்காம எங்க வலை போடணும்னு முடிவு பண்றதுக்கு உதவற பொருள்ல ஒண்ணு இந்தக் கருவி. சில பேர் எக்கோ சவுண்டர்னு சொல்வாங்க. இது நடுக்கடல்ல கண்ணை மூடிக்கிச்சுன்னா, அல்லது தப்பாக் காட்டிச்சுன்னா, போற டீசல் போனதுதான். கீழ பாறை இருக்கிறது தெரியாம வலையை இழுத்தா வலையும் போச்சு.

பல சமயம் என்ன நடக்குதுன்னா, ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியலன்ன உடனே “மெஷின் போயிடுச்சு, புதுசு வாங்கணும்”னு முடிவு பண்ணிடறோம். ஆனா கோளாறு ஒரு பச்சை பூத்த ஒயர் முனையில இருக்கும். இல்லன்னா யாரோ மாத்தி வச்ச ஒரு செட்டிங்ல இருக்கும். அதனால இன்னைக்கு ஒரே ஒரு விஷயத்தை மனசுல வைங்க: சத்தம் போற வழியில நாமளும் போகணும். பேட்டரி, ஒயர், டிரான்ஸ்டியூசர், தண்ணி, கடல் தரை, திரும்ப ஸ்கிரீன். எங்க வழி அடைபட்டிருக்குன்னு வரிசையா தேடணும்.

ஒரு நிமிஷத்துல, இது எப்படி வேலை செய்யுது?

படகுக்கு அடியில டிரான்ஸ்டியூசர்னு ஒரு உருண்டையோ கட்டையோ இருக்கும். உள்ள ஒரு படிகம் மாதிரி பொருள். அதுக்கு மின்சாரம் குடுத்தா அதிரும், சத்தம் வரும். திரும்பி வர்ற சத்தம் அதுமேல பட்டா மின்சாரம் வரும். வாயும் அதுதான், காதும் அதுதான்.

தண்ணியில சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும். 30 மீட்டர் ஆழம்னா போயிட்டு வர 60 மீட்டர். அதாவது 0.04 நொடி. அந்த நேரத்தை அளந்து ஆழத்தைச் சொல்லுது. அவ்வளவுதான் கணக்கு. இதை மீன்பிடிப்புக்கு நடைமுறையில பயன்படற மாதிரி கொண்டு வந்தவங்க ஜப்பான்ல ஃபுருனோ சகோதரர்கள். வருஷம் 1948.

அடுத்து, இந்தக் கதையோட ஹீரோவும் வில்லனும்: காத்து. தண்ணியில போற சத்தம் காத்துல மோதினா கிட்டத்தட்ட முழுசாத் திரும்பிடும். பெரும்பாலான மீனோட வயித்துல காத்துப்பை இருக்கு. மெஷினுக்கு மீன் பளிச்சுன்னு தெரியறதுக்குக் காரணம் சதையை விட அந்தக் காத்துப்பைதான். சுறாவுக்குக் காத்துப்பை கிடையாது. அதனால அவ்வளவு பெரிய உடம்பு இருந்தும் எதிரொலி மங்கலாத்தான் வரும்.

அதே காத்து டிரான்ஸ்டியூசர் முகத்துல குமிழியா ஒட்டிக்கிச்சுன்னா சத்தம் கீழயே போகாது. ஸ்கேன் சென்டர்ல வயித்துல ஜெல் தடவறாங்கல்ல, எதுக்கு? கருவிக்கும் தோலுக்கும் நடுவுல காத்து இருக்கக் கூடாதுன்னுதான். அங்கயும் இங்கயும் ஒரே இயற்பியல்.

சரி, இப்போ ஒவ்வொரு கோளாறா பாப்போம்.

ஒண்ணு: ஆன் ஆகல, இல்லன்னா திடீர்னு ஆஃப் ஆகுது

முதல்ல ஃபியூஸ். ஃபியூஸ் போயிருந்தா அதே அளவு ஃபியூஸ்தான் போடணும். செம்புக் கம்பியைச் சுத்தி விட்டா அடுத்த தடவை போறது மெஷினா இருக்கும்.

அப்புறம் வோல்டேஜ். பேட்டரியில மல்டிமீட்டர் வச்சு “12.6 இருக்கே, நல்லாத்தானே இருக்கு”ன்னு சொல்லிடாதீங்க. மெஷினுக்குப் பின்னாடி ஒயர் சேர்ற இடத்துல, மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போது அளங்க. பேட்டரியில 12.6, இங்க 10.5ன்னா நடுவுல எங்கயோ வோல்டேஜ் ஒழுகுது. உப்புக் காத்துல செம்பு பச்சை பூக்கும். அந்த இணைப்பைச் சுத்தம் பண்ணி இறுக்கினாலே பாதிக் கதை முடிஞ்சிடும்.

இன்ஜின் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் மெஷின் ஆஃப் ஆகி ஆன் ஆகுதா? ஸ்டார்டர் மோட்டார் ஒரு நொடி மொத்த கரண்ட்டையும் உறிஞ்சிடுது. பேட்டரி வயசாயிடுச்சு, இல்லன்னா டெர்மினல் லூஸ். முடிஞ்சா மெஷினுக்குப் பேட்டரியில இருந்தே தனி ஒயர் இழுங்க. பம்புக்கும் லைட்டுக்கும் போற ஒயர்ல இதையும் சேக்காதீங்க.

ரெண்டு: ஸ்கிரீன் வருது, ஆனா தரை தெரியல

முதல் கேள்வி கொஞ்சம் அசிங்கமா இருக்கும், ஆனா கேட்டே ஆகணும்: டெமோ மோட்ல இருக்கா? சிமுலேட்டர்னும் போட்டிருக்கும். கடையில காட்டறதுக்காக வச்சது. படகு கரையில நிக்கும்போதும் ஸ்கிரீன்ல மீன் கூட்டமா ஓடுதுன்னா அது நம்ம கடல் மீன் இல்ல, கம்பெனி மீன்.

ரெண்டாவது, ரேஞ்ச். யாராவது 20 மீட்டர்னு கையால செட் பண்ணிட்டுப் போயிருந்தா, 60 மீட்டர் தண்ணியில தரை ஸ்கிரீனுக்கு வெளிய போயிடும். ஆட்டோவுக்கு மாத்திப் பாருங்க.

மூணாவது, ஃபிரீக்வென்சி. பரவலா இருக்கிறது 200 கிலோஹெர்ட்ஸ், 50 கிலோஹெர்ட்ஸ். 200 தெளிவாக் காட்டும், ஆனா ரொம்ப ஆழத்துக்குப் போகாது. 50 ஆழமாப் போகும், விவரம் கம்மி. ஆழ்கடலுக்குப் போயிட்டு 200-லயே வச்சிருந்தா தரை காணாம போறது கோளாறு கிடையாது.

நாலாவது, கேபிள். பல டிரான்ஸ்டியூசர்ல தண்ணியோட வெப்பநிலையும் வரும். அந்த எண்ணே வரல, இல்லன்னா நம்பவே முடியாத எண் வருதுன்னா, பிளக்கைக் கழட்டிப் பாருங்க. பின் வளைஞ்சிருக்கும், உப்பு படிஞ்சிருக்கும். ஆனா வெப்பநிலை சரியா வர்றதாலயே கேபிள் முழுக்க நல்லா இருக்குன்னு முடிவு கட்டிடாதீங்க. அதுக்குன்னு தனி ஒயர் உள்ள இருக்கலாம். இன்னொண்ணு, கேபிள் நீளமா இருக்குன்னு வெட்டிடாதீங்க. மிச்சத்தைத் தளர்வாச் சுருட்டி வைங்க.

அஞ்சாவது, முகம். தடைக்காலம் முடிஞ்சு இறக்கின படகா? ரொம்ப நாள் தண்ணியில நின்ன படகா? டிரான்ஸ்டியூசர் முகத்துல பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கும். கத்தி வச்சுச் சுரண்டக் கூடாது. துணி, மிருதுவான பிரஷ், சோப்புத் தண்ணி போதும். பெயின்ட் அடிக்கணும்னா தண்ணி கலந்த வகை பெயின்ட்தான், அதுவும் மெல்லிசா. சில கரைப்பான் கலந்த பெயின்ட் பிளாஸ்டிக்கையே அரிச்சிடும்.

மூணு: நிக்கும்போது தெரியுது, ஓடும்போது போயிடுது

இதுதான் அதிகமா வர்ற கம்ப்ளைன்ட். காரணம், நம்ம வில்லன். படகு வேகம் எடுத்தா அடியில காத்துக் குமிழி கிளம்பும். டிரான்ஸ்டியூசர் அந்தக் குமிழிப் பாதையில இருந்தா ஸ்கிரீன் கலங்கிடும். ஃபைபர் படகுல பின்பக்கம் மாட்டினதா இருந்தா, புரொப்பெல்லர்ல இருந்து தள்ளி, தண்ணி வழவழன்னு போற இடமா பாத்து, அடிமட்டத்துக்குக் கொஞ்சம் கீழ இறக்கி மாட்டுங்க. ஒரே நாள்ல சரியா அமையாது. கொஞ்சம் இறக்கி ஓட்டிப் பாக்கணும், கொஞ்சம் சாய்ச்சு ஓட்டிப் பாக்கணும்.

படகுக்கு உள்பக்கமா ஒட்டின டிரான்ஸ்டியூசரா? கெட்டியான ஃபைபர் வழியா சத்தம் போகும். நடுவுல ஃபோமோ பிளைவுட்டோ இருந்தா போகாது. ஒட்டும்போது பசையில காத்து மாட்டியிருந்தாலும் போகாது. திரும்பவும் அந்த ஜெல் கதைதான்.

ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்கிரீன் வெள்ளையானா பயப்படாதீங்க. புரொப்பெல்லர் நுரை அடியில வருது, அது இயல்பு. அதே மாதிரி அலை இருக்கிற நாள்ல தரை மேடு பள்ளமா தெரிஞ்சா, ஏறி இறங்கறது கடல் தரை இல்ல, நம்ம படகு.

நாலு: ஸ்கிரீன் முழுக்கப் புள்ளி புள்ளியா

பழைய டிவியில மழை பெய்ற மாதிரி இருக்கும். இதுக்கு ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கு. ஆபத்து இல்லாத இடத்துல, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு மெஷினை மட்டும் ஓட விடுங்க. புள்ளி போயிடுச்சா? அப்போ குத்தவாளி இன்ஜின் பக்கம். ரேஸ் பண்ணப் பண்ணப் புள்ளி கூடுதுன்னா ஆல்டர்னேட்டர் மேல சந்தேகம். டிரான்ஸ்டியூசர் கேபிளையும் இன்ஜின் ஒயரையும் ஒண்ணாக் கட்டி வச்சிருப்பாங்க. பிரிச்சுத் தள்ளிப் போடுங்க.

இன்ஜின் ஆஃப் பண்ணியும் போகலையா? ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணுங்க: வயர்லெஸ் செட், பம்ப், எல்இடி லைட், போன் சார்ஜர். எது ஆஃப் ஆனதும் புள்ளி குறையுதோ, அதுதான் ஆளு.

சாய்ஞ்ச கோடு கோடா வருதுன்னா, பக்கத்துப் படகோட மெஷினும் அதே ஃபிரீக்வென்சியில கத்திக்கிட்டு இருக்கு. படகெல்லாம் நெருக்கமா நிக்கிற இடத்துல இது சகஜம். ஃபிரீக்வென்சியை மாத்துங்க, இல்லன்னா கொஞ்சம் தள்ளிப் போங்க.

அஞ்சு: ஆழம் தப்பாக் காட்டுது

இங்க கொஞ்சம் நிதானமா நிப்போம். ஏன்னா எவ்வளவு தப்புங்கிறதே காரணத்தைச் சொல்லிடும்.

நங்கூரம் போட்டு நில்லுங்க. கயித்துல ஈயக்குண்டு கட்டி இறக்குங்க. கயிறு காட்டற ஆழத்தையும் ஸ்கிரீனையும் ஒப்பிடுங்க. நம்ம ஊர்ல ரொம்ப காலமா இருக்கிற முறைதான், இதுக்கு பேட்டரி வேண்டாம்.

எங்க அளந்தாலும் ஒரு மீட்டர், ஒரே அளவா குறையுதா? டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்குக் கீழ இருக்கிறதால வர்ற வித்தியாசம். மெனுவுல ஆஃப்செட்னு இருக்கும், அங்க சேத்துக்கலாம்.

கயிறு 20 மீட்டர், ஸ்கிரீன் 66? அடியில காட்டுது. கயிறு 20, ஸ்கிரீன் 11? ஃபேதம்ல காட்டுது. நம்ம கடற்கரையில பாகம்னு சொல்றாங்கல்ல, ரெண்டு கையையும் விரிச்ச நீளம், ஏறக்குறைய ஆறு அடி. அதேதான். மெஷின்ல கோளாறு எதுவும் இல்ல, அளவு மாறியிருக்கு. ஆனா இதைக் கவனிக்காம ஆழம் குறைஞ்ச இடத்துக்குள்ள படகை விட்டா விளைவு நெஜம்.

சரியா ரெண்டு மடங்கு காட்டுதா? 8 மீட்டருக்கு 16? சத்தம் தரையில பட்டு, மேல வந்து நீர்மட்டத்துல பட்டு, திரும்பக் கீழ போய் வந்திருக்கு. தரை கெட்டியா, ஆழம் குறைவா இருந்தா இது நடக்கும். நம்ம பாக் நீரிணைப் பக்கம் ஆழம் கம்மி, அங்கெல்லாம் எதிர்பாக்கலாம். கெயினைக் குறைச்சா ரெண்டாவது கோடு மறையும். ஆனா மறைக்கறதுக்கு முன்னாடி யோசிங்க: ரெண்டாவது கோடு பளிச்சுன்னு வருதுன்னா கீழ கெட்டித் தரைன்னு அர்த்தம். பாறையா இருக்கலாம். வலை போடறவருக்கு அது இலவச எச்சரிக்கை. சேறா இருந்தா எதிரொலி மெல்லிசா, சோர்வா வரும்.

ஆறு: மெஷின் சரியா இருக்கு, படிக்கிறது தப்பு

ஸ்கிரீனைப் பாத்ததும் கடலோட போட்டோன்னு நினைச்சிடறோம். அது போட்டோ கிடையாது. வலது ஓரம் மட்டும்தான் இந்த நொடி. இடது பக்கம் போகப் போக எல்லாம் பழங்கதை. நடு ஸ்கிரீன்ல தெரியற மீன் படகுக்கு முன்னாடியும் இல்ல, கீழயும் இல்ல. நீங்க தாண்டி வந்தாச்சு. நங்கூரம் போட்டு நிக்கும்போது நீளமா ஒரு கோடு வந்தா அது பெரிய மீன்னு குதிக்காதீங்க. சின்ன மீன் ஒண்ணு அடியிலயே ரொம்ப நேரமா நிக்குது, அவ்வளவுதான்.

சத்தம் கூம்பு மாதிரி விரிஞ்சு போகும். 20 டிகிரி கூம்புன்னா, 30 மீட்டர் ஆழத்துல பத்து மீட்டருக்கு மேல அகலமான வட்டம். மீன் அந்த வட்டத்துல எங்க வேணா இருக்கலாம். வட்டத்துக்கு வெளிய இருக்கிற பாறையை அது காட்டவே காட்டாது. அதனால இதை மட்டும் நம்பி வழி ஓட்டக் கூடாது. இது கீழ பாக்கற கண்ணு, முன்னாடி பாக்கற கண்ணு இல்ல.

அந்த அழகான மீன் பொம்மை வருதே, அதை ஆஃப் பண்ணிடுங்க. மரக்கிளை, குமிழி எல்லாத்தையும் மெஷின் மீன் பொம்மையா மாத்திடும். பொம்மை இல்லாம நேரடி எதிரொலியைப் பாத்துப் பழகினா கண்ணு தானாத் தேறும். தண்ணியில நடுவுல ஒரே மட்டமா நீளமா ஒரு மங்கல் பட்டை வந்தா, சூடான தண்ணியும் குளிர்ந்த தண்ணியும் சேர்ற இடமா இருக்கலாம். அதைப் பாத்து வலை இறக்கிட வேண்டாம்.

சாத்தனூருக்கு வருவோம்

தென்பெண்ணை ஆத்து மேல கட்டி 1958-ல திறந்த அணை. முழுக் கொள்ளளவு உயரம் 119 அடி. “அணையில இன்னைக்கு 110 அடி தண்ணி”ன்னு செய்தியில கேக்கறோம். அது மேல்மட்டத்தோட கணக்கு. கீழ எவ்வளவு வண்டல் படிஞ்சிருக்குன்னு அந்த எண் சொல்லாது. எந்த அணையிலயும் வருஷா வருஷம் ஆத்தோட மண்ணும் வந்து படியும். தண்ணி நிக்க வேண்டிய இடத்தை மண்ணு பிடிச்சுக்கும்.

அதை அளக்கறதும் இதே எக்கோ சவுண்டர்தான். படகுல ஜிபிஎஸ்ஸோட கட்டி, அணை முழுக்கக் கோடு கோடா ஓட்டி ஆழத்தைப் பதிவு பண்ணுவாங்க. அங்க ரெண்டு ஃபிரீக்வென்சி ஒண்ணாப் போட்டா ஒரு சுவாரசியம்: 200 கிலோஹெர்ட்ஸ் இளகின சேத்தோட மேல்பரப்புலயே திரும்பிடும். 30 கிலோஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த சத்தம் சேத்துக்குள்ள இறங்கி, கெட்டித் தரையில பட்டுத் திரும்பும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் இளகின வண்டல். மீன்பிடிக்கப் போனவருக்கு ரெண்டு தரை தெரிஞ்சா குழப்பம். அணையை அளக்கறவருக்கு அதுதான் விடை.

இது நமக்கு வெறும் பொது அறிவு இல்ல. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில சாத்தனூர்ல இருந்து நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல தண்ணி திறந்தாங்க. விழுப்புரம், கடலூர் பக்கம் கரையோர ஊர்கள்ல தண்ணி புகுந்தது. அந்த மாதிரி ஒரு ராத்திரியில, அணைக்குள்ள நெஜமா எவ்வளவு இடம் இருக்குங்கிறது ஒவ்வொரு அடிக்கும் முக்கியம். அளக்கற கருவி சரியா அளக்குதா, அதைப் படிக்கிறவர் சரியாப் படிக்கிறாரா? இன்னைக்கு நாம பாத்த அதே கேள்விங்கதான்.

கடைசியா, ஒரு செக்லிஸ்ட்

படகு வச்சிருக்கிற சொந்தக்காரங்க, ஃபிரெண்ட்ஸ் இருந்தா இந்த வரிசையை மட்டும் அனுப்பி விடுங்க.

ஃபியூஸ். மெஷின் பின்னாடி வோல்டேஜ். பிளக், கேபிள். டெமோ மோட். ரேஞ்ச், அளவு, ஃபிரீக்வென்சி. டிரான்ஸ்டியூசர் முகம். மாட்டின இடம், சாய்வு. இன்ஜின் ஆஃப் டெஸ்ட். ஈயக்குண்டு டெஸ்ட். இத்தனையும் முடிஞ்ச பிறகுதான் புது மெஷின் பத்தின பேச்சு.

நம்ம கிழக்குக் கடற்கரையில வருஷா வருஷம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேத்தி மராமத்து பாக்கற நேரம் அது. வலையும் இன்ஜினும் பாக்கறப்போ இந்த ஒயர் முனைங்களையும் ஒரு அரைநாள் பாத்துடுங்க. நடுக்கடல்ல ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு ஒயரைத் தேடறதுக்கு இது எவ்வளவோ மேல்.

உங்க படகுல இதுல வராத ஒரு பிரச்சினை இருந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. ஸ்கிரீனை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினா இன்னும் நல்லது. எந்த ஃபிரீக்வென்சி, எவ்வளவு ஆழம், இன்ஜின் ஓடிச்சா இல்லையா, இந்த மூணையும் எழுதிடுங்க. அடுத்த எபிசோடுல பாப்போம். கிரிவலத்துல இருக்கிறவங்க, பாத்து நடங்க.